கல் பெஞ்சடியில் மட்டும் சத்தமில்லை

ஏப்ரல் 4

உன்னை எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று யோசித்தே ஒரு தாள் வீணாகிவிட்டது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் நீ "அண்ணி, அதாவது..." என்று இழுப்பாய், எனக்குச் சுர்ரென்று ஏறும், இரண்டு பேரும் அன்றைக்கு அடுக்களையில் நின்ற இடத்திலேயே மறுபடி போய் நிற்போம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அது ஒரு நிம்மதி. உன் அண்ணன் போன மறுவாரம் "குறை சொல்லிச் சொல்லியே என் அண்ணனைக் கொன்னுட்டீங்க" என்று நீ சொன்னாய். "இந்தப் படியை இனிமே மிதிக்காதே" என்று நான் சொன்னேன். இரண்டும் சொன்ன இடத்திலேயே கிடக்கட்டும். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே. கேட்டதற்கு மட்டும் பதில் போடு.

நான் ஆயாவாக இருந்த குழந்தைகள் காப்பகத்தை மூடிவிட்டார்கள். அங்கே பிள்ளைகளை விட்டுக்கொண்டிருந்த அம்மாக்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கும் வேறு பிழைப்பு இல்லை. முன்னறையைக் காலி செய்து பாய் விரித்தாயிற்று. பின்பக்கத்துத் தோட்டத்தில் ஓடி ஆடட்டும் என்று புதரெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டேன். ஜூன் ஒன்றாம் தேதி ஆரம்பம்.

போன வாரம் ஒரு பெரியவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இடம் பார்க்க வந்தார். அந்தக் குட்டிக்கு நான் வைத்திருக்கும் பெயர் சுண்டெலி. கையை விட்டால் எந்தப் பக்கம் ஓடுவாள் என்று அவளுக்கே தெரியாது. பெரியவர் ஒரு காலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டி வைத்திருந்தவராம். தோட்டத்துக்குள் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். "இங்க ஒரு போர் போட்டோமேம்மா. தண்ணி வரல. குழாயை உருவிக்கிட்டுப் போயிட்டோம். அந்தக் குழியை மூடிட்டீங்கள்ல?" என்று கேட்டார்.

என்ன குழி என்று எனக்கே தெரியாது. நான் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில் போட்டதாம். இடத்தைக் காட்டுங்கள் என்றால் அவருக்கும் பிடிபடவில்லை. அப்போது மதில் கிடையாது, நடுவில் ஒரு மரம் இருந்தது, இப்போது எல்லாமே மாறிப்போயிருக்கிறது என்கிறார். ஒரு குழந்தை உள்ளே போகிற அளவு அகலம். ஆழத்தைச் சொன்னார், அதை நான் எழுதப்போவதில்லை.

உன் அண்ணன் எதை முழுசாக முடித்தார்? ஏணியைப் பிடிக்கிறேன் என்றார், போன் வந்ததும் விட்டுவிட்டுப் போனார், என் கால் போயிற்று. பூட்டு ரிப்பேர் என்று வெல்டிங் கடைக்குக் கொடுத்த பீரோ கதவு இன்றுவரை வந்துசேரவில்லை. பழைய சேலையைத் திரையாகக் கட்டி வைத்திருக்கிறேன். அவர் ஆரம்பித்து முடித்த ஒரே வேலை தோட்டத்திலிருக்கும் கல் பெஞ்சுதான். அப்படிப்பட்ட மனுஷர் குழியை மூடியிருப்பாரா?

உனக்கு ஏதாவது தெரியுமா? அது மட்டும் சொல்.

— அண்ணி



ஏப்ரல் 12

அண்ணிக்கு,

தெரியும்.

அண்ணன் என்னிடம் சொன்னான். கால் சரியாகி நீங்கள் வந்தால் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்க முடியாது, அதற்குள் வீட்டிலேயே தண்ணீர் வரவைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டுப் போட்ட போர் அது. வெறும் புழுதிதான் வந்தது. எனக்குப் போன் பண்ணி, "ஏமாந்துட்டேன்டி. நல்லா இரும்பு போட்டு மூடிட்டேன். அவகிட்ட சொல்லிடாதே, ஏற்கெனவே ஏணிக் கோபமே ஆறல" என்றான். சொல்லவில்லை. அண்ணன் கேட்டதைத் தங்கை செய்தேன், இதிலே என்ன தப்பு என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எந்த இடம் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் மூடினேன் என்றால் மூடியிருப்பான். பிள்ளைகள் விழட்டும் என்று குழியைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறவன் இல்லை என் அண்ணன். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம், தேடிப் பாருங்கள்.

தேடுவதற்கு ஒரு மெஷின் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, நீங்கள் கேட்டதே இல்லை. குடிநீர் வாரியத்தில், தார் ரோட்டுக்கு அடியில் புதைந்துபோன இரும்பு வால்வு மூடிகளைக் கண்டுபிடிக்கிற வேலை. மெட்டல் டிடெக்டர்தான் எனக்குச் சோறு போடுகிறது. இது ஆபீஸில் கழித்துக்கட்டியபோது நான் எடுத்துவைத்துக்கொண்ட பழைய மெஷின். கிழடு, ஆனால் பொய் சொல்லாது.

கம்பியின் அடியில் இருக்கும் வட்டத்துக்கு வளையம் என்று பெயர். அதைத் தரைக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் வீசிக்கொண்டே மெதுவாக நடக்க வேண்டும். தினமும் ஆரம்பிப்பதற்கு முன்னால் மெஷினுக்கு மண்ணைக் காட்டுங்கள். சிவப்புப் பட்டனை அழுத்திக்கொண்டு வளையத்தை மேலும் கீழும் ஆட்டினால் மண்ணின் குணத்தைப் பழகிக்கொண்டு அடங்கிவிடும். அதற்கப்புறம் மண்ணுக்கு மாறாக எது வந்தாலும் கத்தும். ஒரு சத்தத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்டு நம்பாதீர்கள். சுற்றிவந்து அடுத்த பக்கத்திலிருந்தும் வீசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கத்தினால்தான் பொருள்.

பொக்லைன் வைத்துத் தோண்ட நினைக்காதீர்கள். பாரம் தாங்காமல் குழியோரம் சரிந்தால் வண்டியோடு போகும்.

— நாத்தனார்



ஏப்ரல் 25

உன் மெஷின் வந்தது. உன் குடும்பத்து மெஷின் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒரு பேச்சில் நிற்க மாட்டேன் என்கிறது.

நீ எழுதியதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். சிவப்புப் பட்டன், மேலும் கீழும் ஆட்டுவது, எல்லாம். முதலில் காட்டுக்கத்தல் கத்தியது, பிறகு சமர்த்தாக அடங்கியது. ஆகா, பிடிபட்டுவிட்டதே என்று எழுந்து நடந்தால் தோட்டம் முழுக்கக் கத்துகிறது. போகும்போது கத்துகிறது, திரும்பி வந்தால் அதே இடத்தில் ஊமை. காலையில் கத்திய இடம் சாயங்காலம் கத்தவில்லை. கத்தாத இடம் கத்துகிறது. நின்று யோசித்தால் நிற்கிற இடத்திலேயே கத்துகிறது. ஒருவேளை நான் யோசிப்பது பிடிக்கவில்லையோ என்னவோ.

கத்திய இடத்தையெல்லாம் தோண்டினேன். பாட்டில் மூடி, குடைக்கம்பி, ஒரு கைப்பிடி இல்லாத கரண்டி, கொட்டாய் போட்ட காலத்து ஆணிகள். இதெல்லாம் கிடைத்தாலாவது தேவலை. பாதி இடங்களில் ஒன்றுமே இல்லை. முழங்கை ஆழம் தோண்டி, மண்ணை வெளியே கொட்டி, மறுபடி வளையத்தைக் காட்டினால் சத்தமே போய்விட்டது. என்ன மாயம் இது? பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "புதையலா அக்கா, எனக்கும் பங்கு உண்டா?" என்று தினம் கேட்கிறார். சிரிக்கவும் முடியவில்லை, விஷயத்தைச் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் ஒரு பிள்ளைகூட வராது.

அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுகிறேன். தோட்டத்தில் நின்றால் அடுப்பு ஞாபகம் வருகிறது. நடக்கும்போது கால் வைக்கப் பயமாக இருக்கிறது. என் தோட்டம், இத்தனை வருஷம் துணி உலர்த்திய இடம், இப்போது திருடியைப் போல் அடிமேல் அடி வைக்கிறேன்.

நீ அனுப்பியது ஓட்டை மெஷின். அல்லது உன் அண்ணன் இரும்பே போடவில்லை. இரண்டில் எது?

— அண்ணி



மே 2

அண்ணிக்கு,

இரண்டும் இல்லை. சத்தத்தைக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு தெருவை முழுக்கக் கொத்திப்போட்டு வசவு வாங்கியவள்.

போகும்போது கத்தி வரும்போது கத்தாதது ஆணி. நீளமாக, மெல்லிசாக இருக்கிற இரும்பு ஒரு பக்கத்துக்குத்தான் பதில் சொல்லும். அதை விட்டுத்தள்ளுங்கள். வளையத்தைத் துடைப்பம் மாதிரி விசிறாதீர்கள். நீங்கள் கூட்டுகிற வேகம் எனக்குத் தெரியும். சென்சிட்டிவிட்டி திருகைப் பாதியாகக் குறையுங்கள். காது கூர்மையாக இருந்தால் தெருவில் போகிறவன் பேசுவதும் சேர்ந்துதான் கேட்கும்.

ஆனால் தோண்டினால் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. சாப்பிடும்போதும் அதே நினைப்பு. நிற்கிற இடத்திலேயே கத்துகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். அந்தக் காலிக் குழிகளையெல்லாம் நீங்கள் நின்ற இடத்துக்கு எந்தப் பக்கம் தோண்டினீர்கள்? வளையம் எந்தப் பக்கம் போய்த் திரும்பும்போது கத்துகிறது? இடது பக்கமா?

உங்களுக்கு எந்தக் காலில் பிளேட்டு வைத்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. நான் பார்க்க வரவில்லை என்பதை நீங்கள் சொல்லிக்காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். லீவு கிடைக்கவில்லை.

— நாத்தனார்



மே 9

வாலு,

உன் அண்ணன் கூப்பிடுகிற பெயர். கை தானாக எழுதிவிட்டது, அடிக்கவில்லை.

இடது காலில்தான். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, ஸ்குரூ எல்லாம் சேர்த்து ஒரு சாண் நீளம். மாவுக்கட்டிலேயே கிடந்ததில் முட்டியும் முழுசாக மடங்குவதில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய், வளையத்தைக் காலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். கத்திற்று. தள்ளினேன், நின்றது. மறுபடி பிடித்தேன், கத்திற்று. இத்தனை நாளும் நான் என்னையே தேடித் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அவர் மட்டும் ஏணியை விடாமல் இருந்திருந்தால் காலில் இந்த இரும்பும் கிடையாது, தோட்டத்தில் அந்தக் குழியும் கிடையாது என்று தோன்றிற்று. இதைச் சொன்னால் மறுபடி குறை சொல்கிறேன் என்பாய். சொல்லிக்கொள்.

இப்போது மெஷினை வலது கையில் பிடித்து, இடது காலைப் பின்னால் வைத்து, நொண்டிக் கோழி மாதிரி நடக்கிறேன். காலிக் குழிகள் நின்றுவிட்டன. திருகையும் குறைத்தேன். ஆனாலும் தோட்டம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓயவில்லை. இரும்பு இருக்கிற மாதிரியும் இல்லை, இல்லாத மாதிரியும் இல்லை. தோட்டக் கடைசி மதில் பக்கம் போனால் ரொம்பக் கத்துகிறது. அங்கேதான் இருக்குமோ என்று மூன்று நாளாகக் கொத்துகிறேன், கல்தான் வருகிறது.

வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழை விழுந்து மண் இளகினால் என்ன ஆகும் என்று போர்க்காரப் பெரியவரைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். ஜூன் ஒன்றாம் தேதியைத் தள்ளிப்போடலாமா என்று சுண்டெலியின் அம்மாவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். "அன்னிக்கு வேலைக்குப் போகலேன்னா வேற ஆளை எடுத்துடுவாங்கக்கா" என்றாள்.

நேற்று அவள் அவசரமாகக் குட்டியை விட்டுவிட்டுப் போனாள். வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒரு நிமிஷம் திரும்புவதற்குள் பின்கதவைத் தாண்டி ஓடிவிட்டாள். எனக்கு உயிரே இல்லை. நல்லவேளை, நேராகக் கல் பெஞ்சுக்குத்தான் போனாள். மேலே ஏறி, கீழே குதித்து, மறுபடி ஏறி, மறுபடி குதித்து, ஒரே கும்மாளம். சரி, அங்கேயே விளையாடட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தோட்டத்திலேயே மெஷின் சத்தம் போடாத இடம் அது ஒன்றுதான். தினமும் காலையில் அங்கே உட்கார்ந்துதான் மண்ணைக் காட்டுகிறேன். காட்டி முடித்ததும் அந்த இடம் மட்டும் கப்சிப் என்றிருக்கும். மற்ற இடம்தான் படுத்துகிறது.

வேறு என்ன செய்யலாம், சீக்கிரம் எழுது.

— அண்ணி



மே 13

அண்ணி,

பெஞ்சில் உட்காராதீர்கள். பெஞ்சுக்கு முன்னால் நிற்காதீர்கள். குழந்தையை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

கடிதம் கைக்கு வந்த உடனே போன் போட்டேன். போகவில்லை. என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆபீஸ் போனிலிருந்து போட்டேன், தெரியாத நம்பர் என்று நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் தெருவில் யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. கூரியர்காரனிடம் இதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சண்டை போட்டு அனுப்புகிறேன். அவன் வாசலில் நிற்கிறான், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணைக் காட்டுங்கள் என்று எழுதினேன். இரும்பில்லாத மண்ணைக் காட்டுங்கள் என்று எழுதவில்லை. எங்கள் ஆபீஸில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். பாதி சொல்லிவிட்டு மீதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள் என்று விட்டது நான். நானும் அண்ணனின் தங்கைதான் போலிருக்கிறது.

இரும்புக்கு மேலே நின்று மண்ணைக் காட்டினால், இரும்புதான் மண் என்று மெஷின் பழகிக்கொள்ளும். அதற்கப்புறம் இரும்பின் மேல் கத்தாது. நல்ல மண்ணைப் பார்த்துத்தான் முணுமுணுக்கும். இரும்பை விட்டுத் தள்ளிப்போகப் போக ரொம்பக் கத்தும். முதல் நாள் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் காட்டுக்கத்தல் கத்தியது என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் படித்தேன், சிரித்தேன், தாண்டிப் போய்விட்டேன். அது சொன்னதுதான் உண்மை.

வீட்டுக்கு முன்னால், தெருவுக்குப் போய், சைக்கிள் வண்டி எதுவும் இல்லாத இடத்தில் மண்ணைக் காட்டுங்கள். பிறகு பின்பக்கம் போங்கள். பெஞ்சை நெருங்கும்போது தரையைக் குச்சியால் தட்டிப் பார்த்துக் கால் வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். போர்க்காரரைக் கூப்பிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போங்கள்.

அண்ணன் மூடிவிட்டான் என்று நான் சத்தியம் பண்ணாத குறையாக எழுதினேன். அதை நம்பிக் கால் வைத்துவிடாதீர்கள்.

— வாலு



மே 18

வாலு,

இருக்கிறேன். எல்லோரும் இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கூரியர்காரன் கையெழுத்து வாங்கும் வரை நகரவில்லை. நான் வாசலிலேயே நின்று படித்தேன். படித்து முடித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குட்டி குதித்ததுதான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் தன் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். தெருவில் மண்ணைக் காட்டினேன். பின்பக்கம் போனேன். தோட்டம் முழுக்கச் சத்தமே இல்லை. அங்கங்கே ஒரு ஆணி கூப்பிட்டது, அவ்வளவுதான். இடுப்பில் கயிறு, கையில் குச்சி, பின்னால் கயிற்றைப் பிடித்தபடி இரண்டு ஆம்பளைகள். மதிலுக்கு மேலே தையல்காரர் தலை. இன்றைக்கு அவர் புதையலில் பங்கு கேட்கவில்லை. பெஞ்சுக்கு நாலு அடி இருக்கும்போதே மெஷின் வீறிட்டது. சுற்றிப்போய் எதிர்ப்பக்கத்திலிருந்து வீசினேன், அதே சத்தம். இடமும் வலமும் பார்த்தேன், அதே சத்தம். என் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு பார்த்தேன், அதே சத்தம். இத்தனை நாளும் நான் கேட்டதெல்லாம் சத்தமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

பெஞ்சின் கால் இரண்டும் குழிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆழமாக நடப்பட்டிருக்கின்றன. மேல்பலகை நடுவில் பாலம் மாதிரி. பலகையைப் புரட்டிப் போட்டுவிட்டு, குப்புறப் படுத்தபடியே கையால் மண்ணைத் தள்ளினார்கள். இரண்டு சாண் கீழே தகரம் தெரிந்தது. பச்சைப் பெயின்ட். பிறகு ஒரு கைப்பிடி. பிறகு ஒரு கண்ணாடி, அதில் பெரியவரின் முகம்.

நம் பீரோ கதவு.

வெல்டிங் கடைக்காரனை எத்தனை நாள் சபித்திருப்பேன்! அவன் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் முறைத்துவிட்டு வருவேன். பாவம், எதற்கு என்றே தெரியாமல் அவனும் பதிலுக்கு முறைப்பான்.

கதவின் பின்பக்கம் துரு தின்று அப்பளமாகியிருந்தது. பெஞ்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மூலை, அடியில் குழியோரம் சரிந்ததால், ஏற்கெனவே உள்வாங்கி இருந்தது. அதுதான் அவள் குதித்த இடம். பெரியவர் விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போயிற்று. இன்னும் ஒரு மழைக்குத் தாங்கியிருக்காது என்றார். கதவைத் தூக்கியதும் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார். விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவர் அன்றைக்கே மணலும் ஜல்லியும் கொண்டுவந்து கொட்டி, மேலே கான்கிரீட் போட்டுவிட்டார். பேத்தி குதித்ததை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் அந்தக் கதவின் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, உன் அண்ணன் மூடினார். நீ சொன்னது சரி. கைக்குக் கிடைத்ததைப் போட்டு மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டார். நான் சொன்னதும் சரி. இதில் யார் ஜெயித்தது என்று நீ கணக்குப் பார்க்காதே, நானும் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று என்னைப் போட்டு அரிக்கிறது. அந்தப் பெஞ்சு. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். "உனக்காகத்தான், காலை நீட்டி உட்காரு" என்றார். அவர் எனக்காக முடித்த ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கோபத்திலும் அதில் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் ஆறும். இப்போது பார்த்தால் குழியின் மேல் யாரும் கால் வைக்காமல் இருக்கப் போட்ட தடுப்பு. எனக்காகவாம்! நான் அதற்குக் காவல் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத்தான் எல்லாம் சொல்வாரே. அந்தப் பெஞ்சு எனக்காகப் போட்டதா, குழிக்காகப் போட்டதா? எனக்கு ஆறுதல் வேண்டாம். உண்மை வேண்டும்.

— அண்ணி



மே 23

அண்ணி,

கடிதத்தைப் பிரித்து "இருக்கிறேன்" என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டு, மீதியைப் படிக்க எனக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. வேலை ஓடவில்லை. வால்வு மூடி என்று நினைத்து யாருடைய குதிரைலாடத்தையோ தோண்டி எடுத்தேன்.

பெஞ்சைப் பற்றிக் கேட்டீர்கள். அண்ணன் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். "முட்டியை மடக்க முடியாதவங்க கையை ஊனாம எழுந்திருக்கணும்னா உக்கார்ற இடம் எவ்வளவு உசரம் இருக்கணும்? உங்க ஆபீஸ்ல கால் போனவர் ஒருத்தர் இருக்காரே, அவர் நாற்காலியை அளந்து சொல்லேன்" என்றான். நான் அளந்து சொன்னேன். எதற்கு என்று கேட்டதற்கு, எதற்கோ என்றான்.

இதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் இதை நான் சொன்னால் நீங்கள் எப்படி நம்புவீர்கள்? நான் அவன் தங்கை. அவனுக்காக ஏற்கெனவே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டவள். நான் ஒரு பக்கத்துச் சத்தம்தான். மறுபக்கம் போயும் கேட்டுப் பாருங்கள். பெஞ்சு செய்த கல் வேலைக்காரர் அங்கேதானே இருப்பார்?

அப்படியே குழிக்காகத்தான் போட்டான் என்று தெரிந்தாலும் எனக்கு எழுதுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

— வாலு



மே 27

வாலு,

போனேன். சந்தின் கடைசியில் பட்டறை வைத்திருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். நான் ஒன்றும் எடுத்துக்கொடுக்கவில்லை. "அந்தப் பெஞ்சு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கத்தினேன்.

"மறப்பேனா?" என்று ஆரம்பித்தார். இடத்தை உன் அண்ணன் முதலிலேயே குறித்து வைத்திருந்தாராம். இங்கேதான், இப்படித்தான், கால் இந்த இரண்டு இடத்தில்தான், ஒரு விரல்கூட நகரக் கூடாது என்று பிடிவாதமாம். ஏன் என்று சொல்லவில்லையாம். ஆக, குழிக்காகத்தான். நான் கிளம்பத் திரும்பினேன்.

அவர் விடவில்லை. "ஆனா உங்க வீட்டுக்காரர் மாதிரி என்னைப் படுத்தினவன் இல்ல" என்றார். பெஞ்சு போட்டு முடித்து, கூலியும் வாங்கிக்கொண்டு அவர் வந்துவிட்டாராம். இரண்டு நாள் கழித்து உன் அண்ணன் வந்து நின்றாராம். "கழட்டுங்க, உசரம் பத்தல. நானே முட்டியை மடக்காம உக்காந்து உக்காந்து பார்த்தேன், எழுந்திருக்க வரல. என் பொண்டாட்டிக்குக் கால்ல இரும்பு. அவ யார் கையையும் பிடிக்காம எழுந்திருக்கணும்" என்றாராம். புதுசாகக் கால் செதுக்கி மறுபடி நட வேண்டியதாயிற்றாம்.

யோசித்துப் பார். பாதியில் விட்டுவிட்டுப் போகிற மனுஷர் முடிந்த வேலையைக் கழற்றச் சொல்லி இரண்டாம் தடவை செய்ய வைத்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரியில் அவரைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தபோது, அவர் இங்கே முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்வதும் எழுந்திருப்பதுமாக இருந்திருக்கிறார். பட்டறையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. கல் வேலைக்காரர் கல்தூசு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கோபம் போகவில்லை. குழியைப் பற்றிச் சொல்லாமல் போனதற்கு அவர்மேல் கோபம் இருக்கத்தான் செய்யும், நான் இருக்கிற வரைக்கும். உன்மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் பெஞ்சை அதே இடத்தில் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டேன். கீழே இப்போது கெட்டியாக இருக்கிறது. இன்று காலை உட்கார்ந்து பார்த்தேன். கையை ஊனாமல் எழுந்தேன்.

கதவைக் கழுவித் துடைத்து பீரோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். வெல்டிங் கடைக்காரனைத்தான் கூப்பிட வேண்டும். எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. நீ போய்க் கேள்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் பண்ணாதே. ஒன்றாம் தேதி விடியும்போதே வந்துவிடு. லீவு கிடைக்கவில்லை என்ற பேச்சே வேண்டாம். சுண்டெலியோடு சேர்த்து ஏழெட்டுக் குட்டிகள் வருகின்றன. பெஞ்சிலிருந்து குதிக்கிறவர்களைப் பிடிக்க எனக்குக் கால் போதாது.

படியில் நின்று கூப்பிடாதே. மிதித்து ஏறி உள்ளே வா.

— அண்ணி